குறட்டைதானே என்று இருந்துவிட்டோம்: சாட்ஸ்வர்த்தில் ஒரு முதலுதவி வகுப்பு

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வர்த்தில் எங்கள் கோவில் மண்டபத்தில் போன சனிக்கிழமை நடந்த வகுப்பு இது. போதைமருந்து அளவு மீறியவரை எப்படிக் காப்பாற்றுவது என்று ஓய்வுபெற்ற நர்ஸ் அம்மா ஒருவர் சொல்லித் தந்தார். இரண்டு மணி நேரம், கட்டணம் கிடையாது.

நான் போனது என் தம்பி மகனுக்காக. இங்கே 'சுகர்ஸ்' என்பார்களே, ஹெராயின் கலந்த தூள், அதில் சிக்கியவன். மறுவாழ்வு இல்லத்தில் ஆறு வாரம் இருந்துவிட்டு வந்தான். பத்தாம் நாள் மறுபடி தொட்டுவிட்டான். அன்று ராத்திரி பெரிதாகக் குறட்டை விட்டான். களைப்பில் தூங்குகிறான் என்று கதவைச் சாத்திவிட்டு வந்தோம். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் உதடெல்லாம் நீலம். பாலைப் புகட்டினோம், தலையில் தண்ணீர் ஊற்றினோம். முருகன் புண்ணியத்தில் பிழைத்தான்.

நர்ஸ் அம்மா முதலில் செய்து காட்டியதே அந்தச் சத்தத்தைத்தான். களகளவென்று தொண்டையில் இழுக்கும் குறட்டை. எனக்குக் கை நடுங்கிவிட்டது. அது தூக்கமே இல்லையாம், மூச்சு அடங்கி வருவதாம். கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கிவிடும். நம் நிறத்துக்கு முகத்தில் நீலம் எளிதில் தெரியாது, உதட்டையும் நகத்தையும் பார்க்க வேண்டும். தட்டியும் எழவில்லையென்றால் உடனே ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும்: இங்கே 10177, கைப்பேசியில் 112. மூச்சு இல்லையென்றால் ஐந்து நொடிக்கு ஒருமுறை வாயோடு வாய் வைத்து ஊத வேண்டும். மூச்சு வந்ததும் ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். பாலும் தண்ணீரும் கூடவே கூடாது, புரையேறிவிடும்.

இன்னொன்றும் சொன்னார். சில வாரம் விட்டிருந்த உடம்பு பழைய அளவைத் தாங்காது. இதை அந்த இல்லத்தில் எங்களுக்கு யாருமே சொல்லவில்லை. இன்றுவரை ஆறவில்லை எனக்கு.

குறை என்றால், முப்பது பேருக்கு ஒரே பொம்மை. எனக்கு இரண்டு முறைதான் ஊதிப் பழகக் கிடைத்தது. அப்புறம் நலோக்சோன். நின்ற மூச்சைத் திரும்பக் கொண்டுவரும் மருந்து அது. ஆனால் அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் அதன் வேகம் குறைந்துவிடும், ஆகவே எழுந்து உட்கார்ந்தாலும் ஆளைத் தனியே விடக்கூடாது. இதைக் குடும்பத்தார் கையிலும் தர வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2014லேயே சொல்லிவிட்டது. வகுப்பில் குப்பியைக் காட்டினார்கள், கையில் தரவில்லை. தரும் நாள் வர வேண்டும்.

அடுத்த மாதமும் வகுப்பு உண்டு. தம்பியையும் அவன் மனைவியையும் அழைத்துப் போகிறேன்.