"சாப்பிடலாம்" என்று சொல்லி விற்ற தங்கப் பொடி

பிள்ளைகளின் பிறந்தநாளுக்குப் பழங்களைச் சாக்லேட்டில் முக்கி, கண் மூக்கு வைத்து, மேலே பளபளவென்று தங்கப் பொடி தூவ நினைப்பவர்கள் அந்தப் பொடியை வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். நான் நன்றாக ஏமாந்தேன். பிள்ளைகள் வாயில் வைப்பதற்குள் தெரிந்துகொண்டது தற்செயல்தான், அதை நினைத்தால் இன்னமும் வயிற்றைக் கலக்குகிறது.

மகளுக்கு ஐந்து வயது முடிகிறது. கேக்கோடு சேர்த்து வாழைப்பழப் பென்குயினும் (தோலுரித்துப் பாதியாக வெட்டி, குச்சி செருகி ஃப்ரீசரில் வைத்து, வயிற்றுப் பக்கத்தை மட்டும் விட்டுவிட்டு டார்க் சாக்லேட்டில் முக்குவது), ராணி ஸ்ட்ராபெரியும் செய்வதாகச் சொல்லியிருந்தேன். ராணி என்றால் தங்கமாக மின்ன வேண்டும் என்பது அவள் போட்ட ஒரே நிபந்தனை. அதற்காகத்தான் இணையத்தில் பேக்கிங் பொருட்கள் விற்கும் ஒருவரிடம் தங்கப் பொடியும், கூடவே கவர்ச்சர் சாக்லேட்டும் (கோகோ வெண்ணெய் அதிகமுள்ள உயர்ரகம்) ஆர்டர் செய்தேன். பணம் கட்டும் முன்பே "இது குழந்தைகள் சாப்பிடப் போவது, பொடி சாப்பிடக்கூடியதுதானா" என்று செய்தி அனுப்பிக் கேட்டேன். "தாராளமா சாப்பிடலாம் மேடம், எல்லாமே சேஃப்" என்று பதில் வந்தது. டப்பாவின் மேலும் "சாப்பிடக்கூடியது" என்றுதான் ஒட்டியிருந்தது.

விழாவுக்கு முந்தைய இரவு எட்டு ஸ்ட்ராபெரிக்குப் பிரஷ்ஷால் தடவி முடித்துவிட்டேன். கையில் ஒட்டிய பொடி சோப்புப் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. ஏதோ உறுத்தி, இதில் என்னதான் கலந்திருக்கிறார்கள் என்று டப்பாவைத் திருப்பிப் பார்த்தால் சேர்மானப் பட்டியலே இல்லை. அப்போதுதான் ஸ்டிக்கரின் ஒரு மூலை தூக்கியிருப்பது கண்ணில் பட்டது. நகத்தால் உரித்தேன். அடியில் தயாரித்தவர்களின் உண்மையான லேபிள் இருந்தது: "நான்-டாக்சிக். அலங்காரத்துக்கு மட்டும்." அதாவது அவர்களே சாப்பிடச் சொல்லவில்லை, விற்றவர் அதை மறைத்து மேலே தன் ஸ்டிக்கரை ஒட்டியிருக்கிறார்!

நான்-டாக்சிக் என்றால் விஷமில்லைதானே, சாப்பிட்டால் என்ன என்று கேட்பீர்கள், நானும் ஒரு நிமிடம் அப்படித்தான் நினைத்தேன். இரண்டும் ஒன்றல்ல. கலர் பென்சில்கூட நான்-டாக்சிக்தான், அதற்காக அது உணவாகிவிடாது. லஸ்டர் டஸ்ட் என்று விற்கும் இந்த மினுக்கும் பொடிகளில் சில வெறும் உலோகத்தூள். அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் 2018-ல் ஒரு பிறந்தநாள் கேக்கைச் சாப்பிட்ட 6 குழந்தைகளுக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் வந்திருக்கிறது, கேக்கின் மேல் கெட்டியாகப் பூசியிருந்த ரோஸ் கோல்டு பொடி நைசாக அரைத்த செம்பு என்று சோதனையில் தெரிந்தது. மறு வருடம் மிசௌரியில் முதல் பிறந்தநாள் கேக் சாப்பிட்ட ஒரு குழந்தையின் ரத்தத்தில் ஈயம் கூடியிருந்தது, அங்கேயும் காரணம் அலங்காரப் பொடிதான். இரண்டையும் அந்நாட்டின் நோய்த்தடுப்பு மையம் 2021-ல் அறிக்கையாக வெளியிட்டது. அதைப் படித்த கையோடு எட்டு ஸ்ட்ராபெரியையும், பிரஷ்ஷையும், பொடி சிந்திய தட்டிலிருந்த மற்ற பழங்களையும் குப்பையில் போட்டேன்.

மறுநாள் விற்றவருக்கு இரண்டு லேபிளையும் படமெடுத்து அனுப்பினேன். "பேக்கரில எல்லாரும் இதைத்தான் போடறாங்க, கொஞ்சமா போட்டா ஒண்ணும் ஆகாது" என்றார். ஸ்டிக்கர் ஏன் ஒட்டினீர்கள் என்று மூன்று முறை கேட்டும் பதில் இல்லை. டப்பாவைத் திறந்துவிட்டதால் பணம் திரும்பத் தர முடியாதாம், நான் எழுதிய ரிவ்யூவும் இரண்டே நாளில் காணாமல் போனது. தளத்தில் புகார் கொடுத்திருக்கிறேன், டப்பாவையும் உரித்த ஸ்டிக்கரையும் எடுத்து வைத்திருக்கிறேன்.

சாக்லேட்டிலும் ஏமாற்றுதான். கவர்ச்சர் என்றால் கோகோ வெண்ணெய் குறைந்தது 31 சதவீதம் இருக்க வேண்டும். வந்ததோ தாவர எண்ணெய் சேர்த்த காம்பவுண்ட். காம்பவுண்டில் தவறொன்றுமில்லை, உருக்கி முக்கினால் டெம்பரிங் (உருக்கிய சாக்லேட்டைச் சரியான சூட்டுக்கு ஆற்றிப் பதப்படுத்துவது) செய்யாமலே இறுகும், வீட்டில் செய்பவர்களுக்கு வசதிதான். ஆனால் கவர்ச்சர் என்று சொல்லி அந்த விலைக்கு அதை விற்கக் கூடாது.

பொடி வாங்கும்போது "சாப்பிடக்கூடியது" என்ற வார்த்தை மட்டும் போதாது, சேர்மானப் பட்டியலும் இருக்க வேண்டும். உண்மையாகவே சாப்பிடக்கூடிய பொடி என்றால் சர்க்கரை, அராபிக் பிசின், மால்டோடெக்ஸ்ட்ரின், சோளமாவு, உணவுக்கு அனுமதித்த நிறமிகள் என்று எழுதியிருப்பார்கள். பட்டியல் இல்லையா, வேண்டாம். பெரிய டப்பாவிலிருந்து பிரித்துச் சின்னச் சின்ன டப்பாவில் போட்டுத் தருபவர்களிடமும் வேண்டாம்.

எங்கள் ராணிக்குக் கடைசியில் மாம்பழத்தில் கிரீடம் வெட்டினேன். ஈரத்தை நன்றாக ஒற்றி எடுத்துவிட்டு, ஒரு பொட்டு உருகிய சாக்லேட் வைத்து ஒட்டினால் நிற்கிறது. (ஸ்ட்ராபெரியையும் அப்படித்தான் துளி ஈரமில்லாமல் துடைக்க வேண்டும், ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலும் உருகிய சாக்லேட் திரிந்து கட்டியாகிவிடும். திராட்சை வைப்பதானால் சின்னப் பிள்ளைகளுக்கு முழுசாகத் தராதீர்கள், தொண்டையில் சிக்கும், நீளவாக்கில் நான்காக வெட்டிக் கொடுங்கள்.) மகள் தட்டைப் பார்த்துவிட்டுத் தங்கம் எங்கே என்று கேட்டாள், அப்புறம் முதலில் கிரீடத்தைத்தான் கடித்தாள்.

உங்கள் அலமாரியிலும் இப்படி ஒரு டப்பா இருக்கலாம். எடுத்துப் பாருங்கள், மேலே ஸ்டிக்கர் இருந்தால் உரித்துப் பாருங்கள்.