4.49-ஆ, 4.50-ஆ? ஏர் ரைபிள் பெல்லட்: நீண்ட நாள் பயன்பாட்டுக்குப் பிறகு

மேட்ச் பெல்லட் (போட்டிக்கான ஏர் ரைபிள் ஈயக் குண்டு) டின்னைத் திருப்பிப் பார்த்தால் சின்ன ஸ்டிக்கரில் 4.49, 4.50 என்று ஓர் எண்ணும் (பெல்லட் தலையின் விட்டம், மி.மீ. கணக்கில்), பக்கத்திலேயே ஒரு லாட் எண்ணும் (ஒரே தடவையில் தயாரான தொகுதியின் எண்) இருக்கும். கோவை, ஈரோடு பக்கம் புதிதாகச் சுடப் பழகுகிறவர்கள் இந்த ஸ்டிக்கரைக் கண்டுகொள்வதே இல்லை. "எல்லாம் பாயிண்ட் ஒன் செவன் செவன் தானுங்களே, எது கெடைச்சாலும் போட்டுக்கலாம்" என்பார்கள் (.177 அங்குலம், அதாவது 4.5 மி.மீ. என்ற பொது அளவைத்தான் சொல்கிறார்கள்). ரைபிளுக்கும் ஜாக்கெட்டுக்கும் கணக்குப் பார்க்காமல் செலவழித்துவிட்டு, கடைசியில் பெல்லட்டில் மிச்சம் பிடிப்பார்கள். மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் அதுதான்.

பெல்லட்டுக்குத் தலை, இடுப்பு, ஸ்கர்ட் (பாவாடை மாதிரி விரிந்த பின்பக்கம்) என்று மூன்று பாகம். காற்று அழுத்தத்தில் ஸ்கர்ட் விரிந்து பேரலின் சுவரை அடைத்துக்கொள்ளும், ரைஃப்ளிங் (பேரலின் உள்ளே உள்ள திருகு வரிகள்) அதைப் பிடித்துச் சுழற்றும். தலை, பேரலுக்குள் நேராகப் போக வழிகாட்டி மாதிரி. தலை மயிரிழை அளவு சிறிதானால் உள்ளே லேசாகச் சாய்ந்தபடி போய், வெளியே வந்ததும் தள்ளாடும். பெரிதானால் கட்டைவிரலால் அழுத்தித் தள்ள வேண்டி வரும், அந்த அழுத்தத்திலேயே ஸ்கர்ட் ஒரு பக்கம் நசுங்கும். வித்தியாசம் 0.01 மி.மீ. தான், ஆனால் டார்கெட்டில் கண்ணுக்குத் தெரியும். சரியான அளவில் பத்துச் சூடும் ஒரே கிழிசல் ஓட்டையாக விழும் ரைபிளில், அளவு மாறினால் அது நீண்டு இரண்டாகப் பிரியும்.

எந்த எண் நல்லது என்று கேட்டால் பொதுவான பதில் கிடையாது. ஒரே மாடல் ரைபிள் இரண்டு இருந்தால் ஒன்றுக்கு 4.49 பிடிக்கும், இன்னொன்றுக்கு 4.50 பிடிக்கும். அதைவிடத் தலைவலி லாட் எண். அதே பிராண்ட், அதே 4.50, லாட் மட்டும் வேறு என்றாலும் குரூப் (பல சூடுகளின் ஓட்டைகள் ஒன்றுசேர்ந்து விழும் கூட்டம்) மாறும். பெல்லட்டை அடிக்கும் டை (அச்சு) தேயும், மாற்றப்படும், அவ்வளவுதான் காரணம். ஆர்டபிள்யூஎஸ் ஆர்10 ஆனாலும் ஹெச் அண்டு என் ஃபினாலே மேட்ச் ஆனாலும் இது பொருந்தும். பேரைச் சொல்லி வாங்காமல் லாட்டைச் சொல்லி வாங்க வேண்டும். இங்கே ஒரு டின் வாங்கிச் சோதித்து முடிப்பதற்குள் அந்த லாட் கடையில் தீர்ந்துபோகும். அதனால் நாலைந்து பேர் சேர்ந்து ஆளுக்கு ஒரு லாட் வாங்கி, ஒரே நாளில் எல்லா ரைபிளிலும் மாற்றி மாற்றிச் சோதித்துவிட்டு, சாயங்காலமே மொத்தமாகச் சொல்லி வைப்பது உத்தமம்.

சோதிக்கும் முறை இதுதான். ரைபிளை மணல் மூட்டையிலோ, மரத் தாடை போட்ட பெஞ்ச் வைஸிலோ அசையாமல் வைக்க வேண்டும். கோவையில் லேத் பட்டறை இல்லாத தெரு எது, மரத் தாடை செய்து வாங்குவது பெரிய வேலை இல்லை. பேரலை நேராக இறுக்கக் கூடாது, பிடிப்பு ஸ்டாக்கில் இருக்க வேண்டும். லாட் மாற்றியதும் முதல் இருபது சூட்டைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. பழைய பெல்லட் விட்டுச்சென்ற ஈயப் படிவு மாறும்வரை குரூப் அலையும். பிறகு புதுக் காகிதத்தில் பத்து சூடு, இப்படி ஐந்து காகிதம். ஓட்டையின் வெளி விளிம்பிலிருந்து எதிர் விளிம்பு வரை வெர்னியரில் அளந்து 4.5 மி.மீ. கழித்தால் மையத்துக்கு மையம் தூரம் வரும். மூன்றே சூட்டில் குரூப் எடுத்துப் படம் போடுகிறவர்களை நம்ப வேண்டாம். மூன்று சூடு எந்தப் பெல்லட்டையும் நல்லதாகக் காட்டும்.

அடுத்து, எடை போட்டுப் பிரிப்பது. இதில் நிறைய பேர் வீணாக நேரத்தைத் தொலைக்கிறார்கள். ரைபிள் மேட்ச் பெல்லட் சுமார் 0.53 கிராம். 0.01 கிராம் வரை மட்டும் காட்டும் தராசு இதற்கு உதவாது, அந்த ஒரு படியே கிட்டத்தட்ட இரண்டு சதவீதம். 0.001 கிராம் காட்டும் தராசு வேண்டும், நகைப் பட்டறையில் நண்பர் இருந்தால் கேட்டுப் பார்க்கலாம். ஆனால் 10 மீட்டர் போட்டிக்கு அது தேவையா என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பெல்லட் ஒரு சதவீதம் கூடுதல் எடை என்று வைத்துக்கொண்டால் வேகம் சுமார் அரை சதவீதம் குறையும். நொடிக்கு 170 மீட்டர் வேகத்தில் 10 மீட்டர் போவதற்குள் பெல்லட் சுமார் 17 மி.மீ. இறங்கும். வேகக் குறைவால் கூடுதலாக இறங்குவது 0.2 மி.மீ. கூட இல்லை. டார்கெட்டில் ஒரு வளையத்துக்கும் அடுத்ததற்கும் 2.5 மி.மீ., தசமப் புள்ளி 0.1-க்கு 0.25 மி.மீ. ஆக எடை பிரித்ததால் 0.1 புள்ளிகூடக் கிடைக்காது. நசுங்கிய ஒரே ஸ்கர்ட் அதைவிடப் பல மடங்கு கெடுத்துவிடும்.

50 மீட்டரில் கதை வேறு. அங்கே தட்டைத் தலை மேட்ச் பெல்லட்டை விட்டுவிட்டு ஜேஎஸ்பி எக்ஸாக்ட் மாதிரி உருண்டைத் தலைதான் போட வேண்டும், தட்டைத் தலை தூரத்தில் தடுமாறும். நொடிக்கு 240 மீட்டரில் கிளம்பினாலும் அவ்வளவு தூரத்தில் இறக்கம் ஓரடியை நெருங்கும், அதில் ஒரு சதவீதம் என்பது 3 மி.மீ. அங்கே தராசை எடுக்கலாம். ஆனால் பாலக்காட்டுக் கணவாய் காற்று அடிக்கும் ஆனி, ஆடியில் பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் திறந்த வெளியில் சுடுகிறவர்கள் எதற்குத் தராசு வாங்க வேண்டும்? காற்றாலை விசிறிகளைச் சுற்றவைக்கும் காற்று அரை கிராம் ஈயத்தையா சும்மா விடும். அந்த மாதங்களில் விடிந்ததும் சுட்டு முடித்துவிட வேண்டும்.

நசுங்கினதைக் கண்டுபிடிக்கத் தராசைவிடக் கண்ணாடிப் பலகை நல்ல கருவி. இரண்டடி நீளக் கண்ணாடியின் ஒரு முனைக்கடியில் தீப்பெட்டி ஒன்றைப் படுக்க வைத்து, மேலிருந்து பெல்லட்டைப் பக்கவாட்டில் உருட்டிவிடுங்கள். ஸ்கர்ட் தலையைவிடப் பெரிது என்பதால் பெல்லட் நேராக வராது, தலைப்பக்கமாக வளைந்து வரும். நல்ல பெல்லட்டுகள் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே வளைவில் ஒரே இடத்தில் வந்து நிற்கும். ஸ்கர்ட் வளைந்தது குதித்துக் குதித்து வரும், தலை அளவு மாறியது ஒதுங்கி நிற்கும். அரை மணி நேரத்தில் ஒரு டின்னை முடித்துவிடலாம். மைக்ரோமீட்டரில் அளக்கப் பார்க்கிறவர்களும் உண்டு. ஈயம் மென்மையானது, அளக்கிற அழுத்தத்திலேயே அளவு மாறிவிடும்.

பெல்லட் நசுங்குவது பெரும்பாலும் வழியில்தான். கூரியரில் குலுங்கி வந்த டின்னைத் திறந்ததும் கறுப்புத் தூளும் சீவலும் தெரிந்தால் அதைப் பயிற்சிக்கு ஒதுக்குங்கள். கீழே விழுந்த டின்னும் அப்படித்தான். டின்னைச் சாய்த்து உள்ளங்கையில் கொட்டாமல், ஒவ்வொன்றாக ஸ்கர்ட்டைத் தொடாமல் எடுக்க வேண்டும். மழைக்காலத்தில் வெள்ளைப் பூசணம் மாதிரி படிந்தால் அது ஈயக் கார்பனேட், துடைத்துச் சுடாமல் தூக்கிப் போடுங்கள். ஸ்பிரிங் ரைபிளில் (ஸ்பிரிங் தள்ளும் பிஸ்டன் காற்றை அழுத்தும் வகை) எண்ணெய் தடவிய பெல்லட் வேண்டவே வேண்டாம், அழுத்தத்தில் எண்ணெய் பற்றி டீசல் இன்ஜின் மாதிரி வெடிக்கும், சீல் போகும். பேரலைச் சுத்தம் செய்யும் ஃபெல்ட் பெல்லட்டை மட்டும் போட்டு ஸ்பிரிங் ரைபிளைச் சுடுவதும் வெறுமனே சுடுவது மாதிரிதான், பிஸ்டன் போய் இடிக்கும். கம்பியால் தள்ளுங்கள்.

ஈயம் கையில் ஒட்டும். ரேஞ்ச் வாசலில் சூடாக பஜ்ஜி கிடைக்கிறது என்று அதே கையால் எடுப்பது இங்கே சர்வ சாதாரணம். சோப்புப் போட்டுக் கழுவாமல் சாப்பிடக் கூடாது. பெல்லட் போய் விழும் பெட்டியைச் சுற்றி விளக்குமாறு போட்டுத் தூசி கிளப்பாமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும், குழந்தைகளை அந்தப் பக்கம் விடவே கூடாது. டார்கெட்டுக்குப் பின்னால் நிமிர்ந்த இரும்புத் தகடு வைத்தால் துண்டுகள் திரும்பி வரும். கீழ்நோக்கிச் சாய்த்த தகடும் அடைத்த பெட்டியும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயம். சுடாத நேரத்தில் பேரலில், உள்ளே பெல்லட் இல்லை என்று காட்டும் பாதுகாப்புக் கயிறு கிடக்க வேண்டும்.

காற்று உருளை (ரைபிளுக்கு அழுத்தக் காற்று தரும் சிலிண்டர்) பற்றி ஒரு வரி: அதன் செல்லுபடிக் காலம் முடிந்தால் போட்டியில் அனுமதி இல்லை, பழைய ரைபிள் வாங்குகிறவர்கள் முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும். டின் தீர்ந்ததும் மூடியைத் தூக்கிப் போடாமல், லாட் எண்ணும் எந்த ரைபிளுக்குப் பிடித்தது என்பதும் அதிலேயே மார்க்கரில் எழுதி ஆணியில் மாட்டி வையுங்கள். அடுத்த முறை கடைக்காரரிடம் படித்துக் காட்ட அது போதும்.