குற்றாலம் சீசன் மங்குஸ்தான்: ருசிக்கு வாங்கலாம், மூட்டுவலிக்கு அல்ல

சாரல் தொடங்கியதும் குற்றாலத்து அருவிச் சாலைக் கடைகளில் குவியும் மங்குஸ்தானுக்கு ருசியில் குறையே சொல்ல முடியாது. பொறுக்கி எடுப்பதில்தான் கவனம் வேண்டும். பெருவிரலால் அழுத்தினால் தோல் லேசாக உள்வாங்க வேண்டும். இறுகியிருந்தால் பழசு, அல்லது விழுந்து அடிபட்டது. அடியில் பூப்போலத் தெரியும் தழும்பில் எத்தனை இதழோ, உள்ளே அத்தனை சுளை. மஞ்சள் பிசின் வெளித்தோலில் ஒட்டியிருந்தால் பரவாயில்லை, சுளைக்குள் இறங்கியிருந்தால் கசக்கும். தோலின் சாறு துணியில் பட்டால் கறை போகாது.

மூட்டுவீக்கம் வற்றும் என்று சொல்லி விற்பதைத்தான் ஏற்க முடியவில்லை. ஆல்பா மாங்கோஸ்டின் போன்ற சாந்தோன்கள் (இந்தப் பழத்திலுள்ள ஒருவகைத் தாவர வேதிப்பொருள்கள்), அழற்சியைத் தூண்டும் புராஸ்டகிளாண்டின் உருவாவதைக் குறைப்பது ஆய்வகச் செல்களில் தெரிந்திருக்கிறது. ஆனால் அவை இருப்பது பெரும்பாலும் நாம் வீசியெறியும் தோலில். வெள்ளைச் சுளையில் மிகக் குறைவு. சரி, தோலைக் கொதிக்க வைத்துக் குடித்தால்? ஆல்பா மாங்கோஸ்டின் தண்ணீரில் அநேகமாகக் கரையாது. கஷாயத்தில் இறங்குவது பெரும்பாலும் டானினின் துவர்ப்புதான். இதை நம்பி வலிமாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள் தோல்பொடியை மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது.

தோலோடு தின்னும் பழம் வேண்டுமென்றால் நாவல்பழம் வாங்குங்கள். அதன் ஆந்தோசயனின் நிறமி தோலிலேயே இருக்கிறது, வீணாகாது.

வீட்டில் மங்குஸ்தானை ஃபிரிட்ஜில் வைக்க வேண்டாம். 10 டிகிரிக்குக் கீழே போனால் தோல் இறுகி, உடைக்கவே வராது. நிழலில் காற்றோட்டமாக வைத்து, சில நாளில் தின்று முடித்துவிடுங்கள்.