ஏ.பி.ஐ. நன்னீர்ப் பரிசோதனைப் பெட்டி: யாழ்ப்பாணக் கிணற்று நீரில் அக்சலொட்டல் வளர்ப்போர் கவனத்துக்கு

வெளியே தெரியும் செவுள்களோடு நீரிலேயே வாழும் ஈரூடகவாழியான எங்கள் வீட்டு அக்சலொட்டலின் வால் நுனி சிவந்து, வயிற்றுப் பக்கத் தோல் வெங்காயச் சருகுபோல மெல்லிய படலமாக உரியத் தொடங்கியபோது, அதை வாங்கிய கடையில் பங்கசு என்று சொல்லி நீல நிற மருந்துப் போத்தல் ஒன்றைத் தந்தார்கள். மருந்தை ஊற்றுவதற்கு முன் தண்ணீரைச் சோதித்துவிடலாம் என்று, கொழும்பிலிருந்து வரவழைத்திருந்த இந்தப் பெட்டியைத் திறந்தேன். அந்தப் போத்தல் இன்றுவரை திறக்கப்படவில்லை.

பி.எச். பெறுமானம், அமோனியா, நைத்திரைற்று, நைத்திரேற்று ஆகியவற்றைச் சொட்டுச் சொட்டாக விடும் இரசாயனக் கரைசல்களால் அளக்கும் பெட்டி இது. அமோனியாவுக்கு 5 மில்லிலீற்றர் தொட்டி நீரில் பெட்டியிலுள்ள அதற்கான இரண்டு போத்தல்களிலிருந்தும் எட்டெட்டுச் சொட்டு விட்டு, 5 நிமிடம் பொறுத்து, நிறத்தை அட்டையோடு ஒப்பிட வேண்டும். மஞ்சளாக இருக்க வேண்டிய நீர் பச்சையாகி, 1 பி.பி.எம். (பத்து இலட்சத்தில் ஒரு பங்கு) என்று காட்டியது; இருக்க வேண்டிய அளவோ பூச்சியம். மழைக்குப் பின் குளோரின் இட்ட கிணற்று நீரில் வடிகட்டிப் பஞ்சைக் கழுவி, அமோனியாவை நைத்திரைற்றாகவும் பின் நைத்திரேற்றாகவும் மாற்றித் தரும் பற்றீரியாக்களை நானே அழித்திருக்கிறேன் என்பது அப்போதுதான் விளங்கியது. எங்கள் சுண்ணக்கல் நிலத்துக் கிணற்று நீரின் பி.எச். பெட்டியில் 7.8 காட்டியது, பி.எச். கூடக்கூட, வெப்பமும் கூடக்கூட, அதே அளவு அமோனியா அதிக நஞ்சாகிறது. ஈரூடகவாழியின் தோல் நீரில் கரைந்தவற்றை எளிதில் உள்வாங்குவதால் எரிச்சல் தோலிலும் செவுளிலும் தெரியவருகிறது; மீனுக்கென்று விற்கப்படும் செம்பு கலந்த மருந்துகளும் மலக்கைற்றுப் பச்சையும் இதற்கு ஆகாமல் போவதும் அதே காரணத்தால்தான்.

உண்மையான பங்கசு என்றால் செவுள் இழைகளில் வெள்ளைப் பஞ்சுபோல ஒட்டிக்கொண்டிருக்கும். அதைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும், பெட்டி சொல்லாது. வெளிர் நிற வகையின் முகத்தில் வளர வளரக் கரும்புள்ளிகள் தோன்றுவதும், செவுள்கள் ஒரு நேரம் வெளிறி மறு நேரம் சிவப்பதும் நோயல்ல. செவுள்கள் முன்னோக்கி வளைந்தபடியே இருந்தால் மட்டும் நீரையும் நீரோட்டத்தின் வேகத்தையும் உடனே பார்க்க வேண்டும்.

பெட்டியின் பலவீனம் நைத்திரேற்றுச் சோதனையில் இருக்கிறது. இரண்டாம் போத்தலை 30 விநாடி பலமாகக் குலுக்கி, சொட்டுகளை விட்ட பின் குழாயை மேலும் ஒரு நிமிடம் குலுக்காவிட்டால் அளவு பொய்யாகக் குறைந்து தெரியும். கையேட்டை மேலோட்டமாகப் படித்த நான் முதல் நாள் அப்படித்தான் ஏமாந்தேன். ஒழுங்காகச் செய்தபோது தொட்டியில் ஊற்றும் முன்னரே எங்கள் கிணற்று நீர் 40 பி.பி.எம். காட்டியது. செம்மண் தோட்டங்களுக்கு இடும் உரமும் மலசலகூடக் குழிகளின் கசிவும் சுண்ணக்கல்லின் வெடிப்புகள் வழியே கிணற்றை அடையும் குடாநாட்டில் இது புதிதல்ல. கிணற்று நீரைக் கொண்டே எத்தனை முறை மாற்றினாலும் அந்த அளவு குறையப்போவதில்லை என்பதால், ஆர்.ஓ. நீரை (மென்சவ்வினூடாக வடித்து உப்புகள் நீக்கிய நீர்) பாதிக்குப் பாதி கலந்து 20க்குக் கொண்டுவந்தேன். ஆர்.ஓ. நீரை மட்டும் ஊற்றினால் உப்புகள் இல்லாமல் போகும். சற்றுக் கடின நீரை விரும்பும் இந்த உயிரிக்கு எங்கள் கிணறு தரும் ஒரே நன்மை அந்தக் கடினத்தன்மைதான்.

நிற அட்டையில் 40க்கும் 80க்கும் இடையிலான சிவப்பைப் பிரித்தறிய மின்விளக்கின் கீழ் என்னால் முடியவில்லை. பகல் வெளிச்சத்தில் விறாந்தையில் வைத்துத்தான் பார்க்கிறேன். வெப்பத்தையும் கடினத்தன்மையையும் குளோரினையும் இப்பெட்டி அளக்காது. 16 முதல் 18 பாகை செல்சியஸ் வேண்டிய விலங்கை, சித்திரை வெயிலில் தொட்டி 30 பாகையைத் தொடும் ஊரில் நீர்க்குளிரூட்டி இல்லாமல் வைத்திருப்பவர்கள் இந்தப் பணத்தை முதலில் அதற்குச் செலவிடட்டும்.

தனிப் பாத்திரத்தில், குளிரவைத்த, குளோரின் நீக்கிய நீரில் விட்டு, நாள்தோறும் நீர் முழுவதையும் மாற்றியதில் பத்து நாளில் வாலின் சிவப்பு மறைந்தது; கருகிப்போன செவுள் இழைகள் இப்போது மெல்லத் துளிர்க்கின்றன. நைத்திரேற்று அட்டைக்காக ஒரு நட்சத்திரத்தைக் குறைத்து நான்கு தருகிறேன்.