பொங்கோல் வீட்டுத் தச்சு வேலை: புழங்கிப் பார்த்தபின்

2017ல் சிங்கப்பூர் பொங்கோலில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுச் சாவி வாங்கியதும் சுவரோடு பொருத்தும் அலமாரிகள், தேக்கில் ஒரு சாப்பாட்டு மேசை, ஒரு சாமி அலமாரி மூன்றையும் சொல்லிச் செய்தோம். நன்றாக உழைத்தது எது, காலை வாரியது எது என்று இப்போது சொல்ல முடிகிறது. பிரச்சினை பெரும்பாலும் ஈரத்தால் வந்ததுதான்.

மேசைக்கு முழு மதிப்பெண். தேக்கானாலும் மரம் மரம்தான். நீளவாக்கில் பெரிதாக மாறாது, குறுக்கே விரியும், சுருங்கும். சிங்கப்பூரில் காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல். ஏர்கான் போட்டால் சட்டென்று குறைகிறது. மேற்பலகையைச் சட்டத்தோடு இறுக்கிவிட்டால் அது வெடிக்காமல் என்ன செய்யும்? எங்கள் தச்சர் அடியில் நீளத் துளை போட்டு, திருகாணி கொஞ்சம் நகர இடம் விட்டிருந்தார். இன்றுவரை ஒரு கீறல் விழவில்லை. குழம்புச் சட்டி வைத்த வெள்ளை வட்டங்கள் உண்டு, அது எங்கள் கைங்கரியம். உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து எண்ணெய் பூசினால் போய்விடும்.

சுவர் அலமாரிகள் பிளைவுட், மேலே லாமினேட். “இவ்வளவு காசு கொடுத்து ஒட்டுப் பலகையா?” என்று ஊரிலிருந்து வந்த மாமியார் முகம் சுளித்தார். ஆனால் உயரமான கதவுகளுக்கு அதுதான் சரி. மெல்லிய மரத் தகடுகளை ஒன்றின் மேல் ஒன்று குறுக்கும் நெடுக்குமாக ஒட்டுவதால் எளிதில் கோணாது. சிக்கல் சிங்க் அடியில் வந்தது. குழாய் கசிந்து அடிப்பலகை இட்லி மாதிரி உப்பியது. லாமினேட்டைப் பிரித்தால் உள்ளே மரத்தூள் பலகை! விலைப்பட்டியலில் பிளைவுட் என்றுதான் இருந்தது. கேட்டதற்கு, உத்தரவாதக் காலம் முடிந்துவிட்டது என்ற பதில்தான் கிடைத்தது. அந்த இடத்தை மட்டும் அலுமினியத்தில் மாற்றிக்கொண்டோம். தூள் பலகை ஒருமுறை தண்ணீர் குடித்தால் காய்ந்தாலும் பழைய நிலைக்கு வராது.

படுக்கையறையில் துணி அலமாரி குளியலறைச் சுவரை ஒட்டி நிற்கிறது. பின்னால் காற்றுப் போக வழியே வைக்கவில்லை. தோல் பெல்ட்டில் பச்சைப் பூஞ்சை, பட்டுப்புடவையில் மக்கல் வாடை. தண்ணீர் உறிஞ்சும் டப்பாக்கள் வைத்துச் சலித்துப்போய், பின்பலகையில் மேலும் கீழும் துளை வெட்டி வலை பொருத்தச் சொன்னோம். அப்புறம் பெருமளவு குறைந்தது. புதிதாகச் செய்கிறவர்கள் வரைபடம் பார்க்கும்போதே இதைக் கேட்டுவிடுங்கள்.

வீட்டிலேயே எனக்குப் பிடித்த வேலை சாமி அலமாரிதான். விளக்கு வைக்க இழுத்து வெளியே எடுக்கிற தட்டு வேண்டும் என்று மனைவி பிடிவாதமாகச் சொன்னார். சுடர் மேற்பலகைக்கு நேராக நிற்பதில்லை. தட்டில் டைல் பதித்திருப்பதால் எண்ணெய் சிந்தினால் துடைத்துவிடலாம். லாமினேட் பெட்டிக்குள்ளேயே விளக்கேற்றும் நண்பர் வீட்டில் மேல்பகுதி பழுத்து, குமிழ் விட்டுக் கிடக்கிறது.

புதுப் பலகையின் நெடி சில வாரம் கண்ணை எரித்தது. அது பசையிலிருந்து வரும் ஃபார்மால்டிஹைடு என்ற வாயு. உள்வீட்டுப் பெயிண்டில் அது 0.01 விழுக்காட்டைத் தொடக்கூடாது என்று 2026 ஜனவரியிலிருந்து இங்கே விதி இருக்கிறது. பலகையை, வெளிவிடும் வாயுவின் அளவை வைத்து ஈ1, ஈ0 என்று தரம் பிரிப்பார்கள். ஈ1ஐவிட ஈ0வில் வாயு குறைவு, கேட்டு வாங்கலாம்.

விலையை அடிக்கணக்கில் சொல்வார்கள். அதில் இழுப்பறை சேர்த்தியா, மெதுவாக மூடும் கீல் சேர்த்தியா என்று கேளுங்கள். எங்கள் சமையலறையில் புளூம் (Blum) பிராண்டுக் கீல் போட்ட கதவுகள் இன்னும் நேராக நிற்கின்றன. பெயரில்லாத கீல் போட்ட இரண்டு மட்டும் துருப்பிடித்துத் தொங்கின. கீலின் பிராண்டும் பலகையின் வகையும், சிங்க் அடி உட்பட ஒவ்வொரு அலமாரிக்கும், விலைப்பட்டியலில் எழுத்தில் இருக்கட்டும்.