பழ ஈப் பொறி: பிடிபடுவது ஆண் மட்டும்

மாங்காய் முற்றத் தொடங்கினால் வவுனியா, கிளிநொச்சி விவசாய மருந்துக்கடைகளில் பழ ஈப் பொறி கேட்டு ஆட்கள் வருவார்கள். பிளாஸ்டிக் போத்தல், பக்கத்தில் நாலு துளை, உள்ளே கம்பியில் மெதைல் இயூஜினோலும் பூச்சிநாசினியும் ஊறிய சிறு கட்டை. அவ்வளவுதான் சாமான். துளசி இலையிலும் இருக்கிற, ஈயை இழுக்கிற வாசப்பொருள்தான் இந்த மெதைல் இயூஜினோல்.

மாட்டி இரண்டு நாளில் அடியில் ஈ குவியும். அதைப் பார்த்துவிட்டு "இனிப் பயமில்லை" என்று இருந்தால் அறுவடையில் ஏமாற்றம்தான். குவிவது அத்தனையும் ஆண். காயில் குத்தி முட்டையிடுவது பெண். ஓர் ஆண் பல பெண்களோடு சேரும். பத்தில் எட்டு ஆண் செத்தாலும் மிச்சம் இரண்டு போதும். பக்கத்துக் காணியில் சேர்ந்துவிட்டு வருகிற பெண்ணைப் பொறி ஒன்றும் செய்யாது. அதனால் ஏக்கருக்கு ஒன்று இரண்டு தொங்கவிட்டால் ஈ இருக்கிறதா, கூடுகிறதா என்று கணக்குப் பார்க்கலாம். குறைக்க வேண்டுமென்றால் ஏக்கருக்குப் பத்தளவில், அயல் தோட்டங்களும் சேர்ந்து கட்ட வேண்டும்.

பிடிபட்ட ஈயொன்றை வெள்ளைத்தாளில் போட்டுக் கைவில்லையால் பாருங்கள். முதுகின் இரு பக்கமும் மஞ்சள் கோடு, வயிற்றில் கறுப்பாக ஆங்கில T எழுத்து மாதிரி ஒரு குறி, செட்டையின் முன்விளிம்பு நெடுக மெல்லிய பழுப்பு வரி என்றால் பெரும்பாலும் பாக்ட்ரோசெரா டோர்சாலிஸ் என்ற பழ ஈ இனம். செம்பழுப்பு உடலும், வரி முழுதாக ஓடாமல் செட்டை நுனியில் ஒரு பொட்டும் என்றால் சொனாட்டா என்ற இன்னோர் இனம். டோர்சாலிஸின் பெயரில் ஒரு சிக்கல் இருந்தது. 2003இல் கென்யாவில் தென்பட்ட ஈயை, இலங்கை மாதிரிகளோடும் ஒப்பிட்டு, 2005இல் ட்ரூ, சுருதா, வைட் என்ற ஆய்வாளர் மூவரும் 'இன்வாடென்ஸ்' என்ற புதிய இனமாக விவரித்தார்கள். 2015இல் அது டோர்சாலிஸேதான் என்று முடிவாகிவிட்டது. ஆகவே பழைய துண்டுப்பிரசுரத்தில் இன்வாடென்ஸ் என்று கண்டால் வேறு மருந்து தேட வேண்டாம். டோர்சாலிஸைப் போலவே இருக்கிற, 1994இல் விவரிக்கப்பட்ட கண்டியென்சிஸ் மட்டும் இன்னும் தனி இனம். தோட்டத்தில் நின்று அதைப் பிரித்தறிவது சிரமம். பொறிக்கு அந்தக் கவலை இல்லை, டோர்சாலிஸ், சொனாட்டா, கண்டியென்சிஸ் மூன்றும் ஒரே வாசத்துக்கு வரும்.

பாகல், புடோல் பந்தலுக்கு இதை வாங்கினால் காசு வீண். அங்கே கேடு செய்கிற ஈக்கு முதுகின் நடுவிலும் ஒரு மஞ்சள் கோடு இருக்கும். அது கியூலூர் என்ற வேறொரு வாசப்பொருளுக்குத்தான் வரும். இரண்டையும் "பழ ஈ மருந்து" என்றே கேட்பதால் மாறிப்போகிறது. சுட்டியை வாசித்து வாங்குங்கள்.

அறுவடைக்கு ஒன்றரை, இரண்டு மாதம் முன்னரே, நெஞ்சுயரத்தில், நிழலில் கட்ட வேண்டும். வெயில் பட்டால் மருந்து ஆவியாகிவிடும். கச்சான் காற்றுக் காலத்தில் இன்னும் கெதியாக. கட்டையை ஆறு கிழமைக்கொருமுறை மாற்றச் சொல்வார்கள், கச்சானில் நாலு கிழமையில் பார்ப்பது நல்லது. போத்தலின் வெளிப்பக்கம் மருந்து சிந்தினால் ஈ வெளியிலேயே இருந்துவிட்டுப் போகும். கம்பியில் கிறீஸ் பூசாவிட்டால் எறும்பு இறங்கிச் செத்த ஈயைக் காவிப்போய்விடும், பிறகு கணக்கும் இல்லை. மழைத்தண்ணி வடிய அடியில் ஊசித்துளை ஒன்று போடுங்கள்.

விழுந்த பழத்தை வேலியோரம் எறிகிற தோட்டத்தில் எத்தனை போத்தல் கட்டியும் பயனில்லை. புழு பழத்தைவிட்டுத் துள்ளி மண்ணில் இரண்டு மூன்று சென்ரிமீற்றர் இறங்கிக் கூட்டுப்புழுவாகும். பத்து நாளளவில் ஈயாக வரும். ஒன்றில் இரண்டடி ஆழத்தில் புதையுங்கள், அல்லது கறுப்புப் பையில் இறுகக் கட்டி ஒரு கிழமை வெயிலில் போடுங்கள். பெண் ஈக்குப் புரத இரை தனியாகத் தெளிக்க வேண்டும்.

தோட்டக்காரருக்கு இது வாங்கத்தக்க சாமான். வீட்டு முற்றத்தில் ஒரு கறுத்தக்கொழும்பான் மாமரம் மட்டும் நிற்கிறவர் போத்தலை விட்டுவிட்டு, காய் முற்ற முதல் ஒவ்வொன்றாகக் கடதாசிப் பை கட்டுவதுதான் மலிவு.