மெஷ் சேர் வாங்கும் முன் மேஜையை அளந்து பாருங்கள்

கிருஷ்ணகிரி பெங்களூர் சாலையோ தர்மபுரி நான்கு ரோடோ, எந்த ஃபர்னிச்சர் கடைக்குள் நுழைந்தாலும் இப்போது முன்வரிசையில் இருப்பது மெஷ் சேர்தான். ஓசூரில் வீட்டிலிருந்தே பெங்களூர் கம்பெனிக்கு வேலை பார்ப்பவர்கள், ஆடிட்டர் ஆபீஸ், இ-சேவை மையம், மாங்கூழ் ஆலையின் கணக்குப் பிரிவு என்று வாங்குபவர்கள் எல்லாரும் நாளுக்கு எட்டு மணி நேரம் உட்காருகிறவர்கள். இங்கே பார்ப்பது 6,000 முதல் 8,000 ரூபாய் ரகம்: வலை முதுகு, ஸ்பாஞ்சு இருக்கை, நைலானில் ஐந்து கால், நகராத கைப்பிடி.

முதலில் நல்லதைச் சொல்லிவிடலாம். சித்திரை வெயிலில் ரெக்சின் சேரில் உட்கார்ந்தால் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். வலையில் அந்தத் தொல்லை கிடையாது, காற்று போய் வரும். முதுகுச் சாய்வும் பிளாஸ்டிக் நாற்காலியைவிட எவ்வளவோ மேல். இடுப்புத் தாங்கியின் புடைப்பு பெல்ட் கட்டும் இடத்திலோ அதற்குச் சற்று மேலேயோ படவேண்டும். இந்த விலையில் பல மாடல்களில் அதை ஏற்றி இறக்க முடியாது. ஐந்தரை அடிக்கு மேல் இருப்பவருக்குச் சரியாகப் பொருந்துவது, ஐந்தடிப் பெண்ணுக்கு நடுமுதுகில் போய்க் குத்தும். தலை சாய்க்கும் பகுதிக்குத் தனியாகப் பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம். டைப் அடிக்கும்போது தலை அதில் படவே படாது.

இருக்கையின் ஆழத்தைக் கடையிலேயே பாருங்கள். முதுகு சாய்வில் நன்றாக ஒட்டும்படி உட்கார்ந்தபின், முழங்கால் மடிப்புக்கும் இருக்கை விளிம்புக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் நுழையவேண்டும். நுழையவில்லையென்றால் அந்த சேர் உங்களுக்கு இல்லை, எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும்.

உண்மையான சிக்கல் மேஜையில் இருக்கிறது. நம் ஊர்த் தச்சர் செய்தாலும் கடையில் வாங்கினாலும் மேஜை 30 அங்குலம்தான். 5 அடி 3 அங்குலம் உயரமுள்ளவர் பாதம் தரையில் பட உட்கார்ந்தால் அவர் முழங்கை ஏறக்குறைய 25 அங்குல உயரத்தில் இருக்கும். கீபோர்டு முழங்கை மட்டத்தில் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் நாள் முழுக்கத் தோளைத் தூக்கியே வேலை செய்து, சாயந்திரம் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே இறுகிப்போகும். சரி என்று சேரை உயர்த்தினால் கால் தொங்கும். கால் தொங்கினால் இருக்கை விளிம்பு தொடையின் அடிப்பக்கத்தை அழுத்தும், பாதம் மரத்துப்போகும். அதைத் தவிர்க்க ஆள் தானாகவே விளிம்புக்கு நகர்ந்துவிடுவார். அப்புறம் முதுகுச் சாய்வு எதற்கு? ஏழாயிரம் ரூபாய் சேர் முக்காலியாகிவிட்டது.

இதற்குச் செலவில்லாத வழி, காலடியில் நான்கைந்து அங்குல உயரத்துக்கு ஒரு பலகை. நம் மாவட்டத்தில் கிரானைட் வெட்டுத் துண்டுக்குப் பஞ்சமில்லை. ஒரு அங்குலக் கல்லைப் படுக்கவைத்த இரண்டு செங்கல் மேல் வைத்தால் ஏறக்குறைய நான்கு அங்குலம் வந்துவிடும். அல்லது கீபோர்டுக்கு மேஜையின் அடியில் இழுப்புப் பலகை போடலாம், ஆனால் கைப்பிடி அதில் இடிக்கும். லேப்டாப் என்றால் திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்துக்கு வரும்வரை உயர்த்தி, தனிக் கீபோர்டு வைத்தாகவேண்டும்.

சேரை ஏற்றி இறக்கும், கடைக்காரர் ‘ஹைட்ராலிக்’ என்று சொல்லும் உருளைக்குள் இருப்பது அழுத்தி அடைத்த நைட்ரஜன் வாயு. சீல் தேய்ந்தால் வாயு கசிந்து சேர் தானாக இறங்கும். முழுக்க உயர்த்தி, பத்து நிமிடம் உட்கார்ந்து, உட்காரும்போதும் எழுவதற்கு முன்பும் டேப் வைத்து அளந்தால் தெரிந்துவிடும். வீட்டில் இறங்க ஆரம்பித்தால் பிவிசி பைப் துண்டை நீளவாக்கில் கீறி உள்தண்டின் மேல் மாட்டி ஒப்பேற்றலாம். உயரம் அதோடு நிலைத்துவிடும், அவ்வளவுதான். உருளையில் ஓட்டை போடுவதோ சூடு வைப்பதோ கூடவே கூடாது.

பிரித்த பெட்டியாக வந்தால் நீங்களேதான் பூட்டவேண்டும். இருக்கைக்கு அடியில் வரும் இரும்புச் சாய்வுத் தட்டில் முன்பக்கக் குறி இருக்கும். அதைத் திருப்பிப் போடுவதுதான் அதிகம் நடக்கும் தப்பு, சாய்ந்தால் சேர் கவிழப் பார்க்கும். நான்கு போல்ட்டையும் கையால் பாதி ஏற்றிய பிறகே சாவியால் இறுக்குங்கள். ஒரு மாதம் கழித்து மறுபடி ஒரு சுற்று. கிறீச் சத்தத்துக்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

சேரால் செய்ய முடியாததையும் சொல்லியாகவேண்டும். வசதியாக இருக்கிறது என்பதற்காகவே இன்னும் ஒரு மணி நேரம் எழாமல் இருப்போம். கெண்டைக்கால் தசை சுருங்கினால்தான் காலிலிருந்து ரத்தம் நன்றாக மேலேறும். தொடைத் தசை வேலை செய்தால்தான் சாப்பிட்ட சர்க்கரை அங்கே நன்றாகச் செலவாகும். எந்த சேரும் அந்தத் தசைகளை அசைக்காது. கொலம்பியா பல்கலைக்கழகம் 2023-ல் வெளியிட்ட சோதனையில், அரை மணிக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் நடந்த நாளில் சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரை, நாள் முழுக்க உட்கார்ந்திருந்ததைவிட 58 சதவீதம் குறைவு. 11 பேரை மட்டும் வைத்துச் செய்த சிறிய சோதனை, அந்த எண்ணைக் கல்வெட்டாக எடுக்க வேண்டாம். திசை மட்டும் தெளிவு. மதியம் களி சாப்பிட்டதால் சர்க்கரை ஏறாது என்று நம்பி அப்படியே சாய்பவர்கள் கவனிக்க: களியும் மாவுச்சத்துதான்.

காலையில் நடந்தால் போதாதா என்றால், 2016-ல் லான்செட்டில் வந்த, பத்து லட்சம் பேருக்கு மேற்பட்டவர்களின் ஆய்வுத் தொகுப்பில், எட்டு மணி நேரத்துக்கு மேல் உட்காருகிறவர்கள் சீக்கிரம் இறக்கும் கூடுதல் ஆபத்தை ஈடுகட்ட நாளுக்கு 60 முதல் 75 நிமிடம் வேகநடை அளவு உழைப்பு தேவைப்பட்டது. முழுக்க நின்றுகொண்டே வேலை செய்வதும் மாற்று ஆகாது, காலில் நரம்புச் சுருள் (வெரிகோஸ்) வரக்கூடும். கடைப் பணியாளர்களுக்கு இருக்கை தரவேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-ல் சட்டத் திருத்தமே வந்தது. சேர் விற்கும் கடையிலேயே விற்பனைப் பையன் உட்கார இடமிருக்கிறதா என்று ஒரு பார்வை பாருங்கள்.

பேரம் முடிந்ததும் பில்லில் ‘ஒரு வருட வாரண்டி’ என்று மட்டும் எழுதினால் விடாதீர்கள். உருளை, சக்கரம், சாய்வுத் தட்டு, நைலான் கால் என்று நான்கையும் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள், பழுதானால் யார் வந்து மாற்றுவார்கள் என்பதையும். வீட்டில் வழவழ டைல்ஸ் தரை என்றால் கெட்டி நைலான் சக்கரத்துக்குப் பதில் மென்மையான பியூ (பாலியூரித்தேன்) சக்கரம் கேட்டு, கடையிலேயே மாட்டி வாங்கிக்கொள்ளுங்கள்.